கடலன் வழுதி அச்சேறிய கதை

மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் என்றோர் ஊர். அங்குள்ள குன்றின் குகைகளில் எழுத்து வெட்டப்பட்டிருப்பதை ராபர்ட் சீவெல் 1882இல் கண்டார். எழுத்து பிராமி என்று தெரிந்தது. மொழிதான் பிடிபடவில்லை. அசோகன் கல்வெட்டுகளைப் போல இதுவும் பிராகிருதமாகத்தான் இருக்கும் என்று பலரும் நினைத்தார்கள்.

1924இல் சென்னையில் நடந்த கீழ்த்திசை மாநாட்டில் கே.வி. சுப்பிரமணிய அய்யர் இது தமிழ் என்றார். ழ, ள, ற, ன நான்கும் இருக்கின்றன, வடமொழிக்கே உரிய வர்க்க எழுத்துகளோ அபூர்வம். அப்படியென்றால் வேறென்ன மொழியாக இருக்க முடியும்? வாதம் சரிதான். ஆனால் கல்லில் உள்ளபடி படித்தால் தமிழாக ஒலிக்கவில்லை. நாற்பது வருஷம் போல விஷயம் அந்த இடத்திலேயே கிடந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் புதிரை ஓர் இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரியிடம் எடுத்துக் கொடுத்தவர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. சோழர் வரலாற்றை இரண்டு பாகமாக எழுதி முடித்த பேராசிரியர், மயிலாப்பூர்வாசி. தமிழ் என்று நண்பர் சுப்பிரமணிய அய்யர் சொல்கிறார், படித்தால் தமிழாக வரவில்லை, இதை நீங்கள் ஏன் பார்க்கக்கூடாது என்று கேட்டார். அந்த அதிகாரி மண்ணச்சநல்லூர்க்காரரான ஐராவதம் மகாதேவன்.

சிக்கல் எழுத்தில் இல்லை, எழுதும் முறையில் இருந்தது. அசோகன் பிராமியில் குறி எதுவும் இல்லாத எழுத்து அகரம் ஏறிய மெய். ‘க’ என்று படிக்க வேண்டும். நம் குகைக் கல்வெட்டுகளில் மிகப் பழையவற்றிலோ குறியில்லாத எழுத்து வெறும் மெய், ‘க்’. ‘கா’வுக்கு இடும் குறியையே ‘க’வுக்கும் இட்டுவிடுவார்கள். கடலன் என்ற பெயரை இந்த முறையில் வெட்டிவைத்து அசோகன் விதிப்படி வாசித்தால் ‘காடாலான’ என்று வரும். எந்த மொழிக்காரருக்கும் அது புரியாது. புள்ளி கண்டுபிடிக்கப்படாத காலத்தில், மெய்யெழுத்தில் முடியும் சொற்கள் நிறைந்த மொழியை எழுத யாரோ செய்த ஏற்பாடு இது. அந்த ஏற்பாடு விளங்கியதும் மாங்குளம் கல் பேசியது. நெடுஞ்செழியனின் ஆளான கடலன் வழுதி, நந்தன் என்ற துறவிக்கு இந்தப் ‘பளி’யைச் செய்வித்தான். பளி என்றால் குகை உறைவிடம்.

1965இல் கரூர் அருகே புகளூர். அங்கே ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டில் சேரர் மூன்று தலைமுறை வரிசையாக நிற்கிறது: செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ. பதிற்றுப்பத்தின் ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துகளின் தலைவர்களை இவர்களோடு பொருத்தினார் மகாதேவன். சங்கப் பாட்டு வெறும் கற்பனை என்று சொல்லிவந்தவர்களுக்கு அதன் பிறகு வேலை கடினமாகிவிட்டது.

1966இல் ஒரு கருத்தரங்கில் தன் வாசிப்புகளைத் தொகுத்து வைத்தார். வேறொருவராக இருந்தால் அடுத்த வருஷமே கனமான புத்தகம் ஒன்று வந்திருக்கும். இவர் சிந்து எழுத்துப் பக்கம் போனார். 1977இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட சிந்து எழுத்துத் தொடரடைவு அதன் பலன். பணியிலிருந்து முன்கூட்டியே விலகினார், 1987 முதல் 1991 வரை ‘தினமணி’ ஆசிரியராக இருந்தார். அதற்குப் பிறகுதான் மறுபடியும் குகைக்குத் திரும்பினார். தொண்ணூறுகளில் பாறை பாறையாக ஏறி எல்லாவற்றையும் புதிதாகப் படியெடுத்தார். தன் பழைய வாசிப்பையே நம்பாமல் மறுபடி கல்லைப் போய்ப் பார்த்தது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நடுவே 1981இல் திருக்கோவலூர் அருகே ஜம்பையில் அதியமான் நெடுமான் அஞ்சியின் கல்வெட்டு கிடைத்திருந்தது. அசோகன் குறிப்பிடும் ‘சதியபுத’ யார் என்று உலகம் தேடிக்கொண்டிருந்த கேள்விக்கு அது விடை சொன்னது.

கடைசியில் 2003இல் ‘ஏர்லி தமிழ் எபிகிராபி’ வந்தது. சென்னையில் க்ரியாவும் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து, ஹார்வர்டு கீழ்த்திசை நூல்வரிசையின் 62ஆவது நூலாகக் கொண்டுவந்தன. (நூறு வருஷம் முன்பு, 1904இல், ‘ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழர்’ பற்றி எழுதிய வி. கனகசபை அஞ்சல்துறை அதிகாரி. நம் பழைய வரலாற்றுக்கு அரசு உத்தியோகஸ்தர்கள்மீது ஏதோ பாத்தியதை இருக்கிறது போலும்.)

கண்டுகொள்ளப்படாத நாகரிகம் என்று தலைப்பிட்டு வரும் புத்தகங்கள் இன்று ஏராளம். பெரும்பாலானவற்றில் பெருமை இருக்கும், சான்று இருக்காது. வாசகன் கை தட்டலாம், சரிபார்க்க முடியாது. இந்த நூலில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் கல்லின் படி, வாசகம், பொருள், விளக்கம் எல்லாம் இருக்கின்றன. ஆசிரியரோடு சண்டை போட வேண்டிய ஆயுதத்தை அவரே நம் கையில் தருகிறார். ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் தொடக்கக் கல்வெட்டுகள் பிராகிருதத்தில் இருக்க, தமிழகத்தில் மட்டும் மக்கள் மொழியே எழுத்தில் ஏறியது, பானை ஓட்டில்கூடச் சாதாரண ஆட்கள் பெயர் கீறிவைத்தார்கள் என்ற அவர் முடிவு இந்திய வரலாற்றை எழுதுகிறவர்கள் தாண்டிப் போக முடியாத ஒன்று.

சண்டையும் நடக்கத்தான் செய்கிறது. தமிழ் எழுத்தின் தொடக்கத்தை கி.மு. இரண்டாம் நூற்றாண்டை ஒட்டி வைத்தார் மகாதேவன். பொருந்தல், கொடுமணல் அகழாய்வுச் சான்றுகளைக் காட்டி இன்னும் முன்னே போக வேண்டும் என்கிறார்கள் சிலர். 2019இல் வந்த கீழடி அறிக்கை கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்றது. அதைப் பார்க்க அவர் இல்லை, 2018 நவம்பரில் காலமாகிவிட்டார். காலக்கணிப்பில் அவர் தோற்றாலும் தோற்கலாம். வாசித்த முறை நிற்கும் என்பது என் கணிப்பு.

திருத்திய பதிப்பை 2014இல் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் வெளியிட்டது. விலையும் கனமும் அச்சுறுத்தினால், அவர் தம் நூல்களைக் கொடுத்த தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கு ஒரு நடை போய்க் கேட்டுப் பாருங்கள். முன்னுரையை அப்புறம் படிக்கலாம். முதலில் மாங்குளம் பக்கத்தைத் திறந்து, கடலன் வழுதியின் பெயரை நீங்களே எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.