பூச்சீட்டிலிருந்து கையடக்கத் திரை வரை: நிண்டெண்டோவின் முதல் நூறு ஆண்டுகள்

வீடியோ விளையாட்டு என்றதும் இன்று உலகெங்கும் நினைவுக்கு வரும் நிண்டெண்டோ நிறுவனம், மின்சாரத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒரு கைத்தொழிற்கூடமாக 1889 செப்டெம்பர் 23 அன்று ஜப்பானின் கியோட்டோ நகரில் ஃபுசஜிரோ யமவுச்சி என்பவரால் தொடங்கப்பட்டது. இலங்கை மலையகத்தின் நானுஓயாவுக்குப் புகையிரதப் பாதை வந்து சேர்ந்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கோப்பிச் செடிகள் நோயால் அழிந்து, மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. அக்காலத்தில் பிறந்த அந்தச் சிறு கூடம் செய்து விற்ற ஒரே பொருள், கையால் வண்ணமிடப்பட்ட சூதாட்டச் சீட்டுகளே. சீட்டு நிறுவனம் ஒன்று எவ்வாறு மின்னணு விளையாட்டின் முன்னோடியாயிற்று என்ற கேள்விக்கு அதன் முதல் நூறு ஆண்டுகளில்தான் விடை கிடைக்கிறது. மாரியோ என்ற பாத்திரத்தின் புகழிலிருந்து பின்னோக்கிப் பார்த்து எழுதப்படும் வரலாறுகள் அந்த விடையைப் பெரும்பாலும் தவறவிடுகின்றன.

ஜப்பானில் சீட்டாட்டம் போர்த்துக்கேயரின் வருகையோடு தொடங்குகிறது. 1505இல் இலங்கைக் கரையை அடைந்த அவர்கள், 1543இல் ஜப்பானின் தனெகஷிமா தீவில் இறங்கினர். அவர்களது கப்பல்களில் வந்த, நான்கு இனங்களாகப் பிரிந்து இனத்துக்குப் பன்னிரண்டு வீதம் நாற்பத்தெட்டுச் சீட்டுகள் கொண்ட கட்டை ஜப்பானியர் விரைவில் தாமே செய்யக் கற்றுக்கொண்டனர். பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வெளியேற்றப்பட்டு, நாடு அந்நியருக்குக் கதவடைத்த பின்னரும் சீட்டு மட்டும் தங்கிவிட்டது. ஆனால் அது சூதாட்டத்துக்குப் பயன்பட்டதால் ஆட்சியாளர் தடைவிதிப்பதும், தடைக்குள் அகப்படாத புதிய வடிவத்தைச் சீட்டுச் செய்வோர் உருவாக்குவதும், அவ்வடிவமும் தடைசெய்யப்படுவதுமாக ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்தன.

அந்த நீண்ட இழுபறியின் முடிவில் நிலைத்தது ‘ஹனஃபுடா’ எனப்படும் பூச்சீட்டு. எண்கள் எவையும் இல்லாத இக்கட்டில், ஆண்டின் பன்னிரண்டு மாதங்களும் பன்னிரண்டு இனங்களாகி, ஜனவரிக்குப் பைன் மரம், மார்ச்சுக்குச் செர்ரிப் பூ, செப்டெம்பருக்குச் செவ்வந்தி, ஒக்டோபருக்கு மேப்பிள் இலை என ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு தாவரமும், ஒவ்வொரு தாவரத்துக்கும் நான்கு சீட்டுகளும் அமைந்தன. போர்த்துக்கேயர் தந்த நாற்பத்தெட்டு என்ற எண்ணிக்கை மட்டும் மறைவாகத் தொடர்ந்தது. எண்ணை அகற்றினாலும் ஆட்டத்தை அகற்ற முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. சீட்டின் மதிப்பு அதன்மேல் அச்சிடப்பட்டதில் இல்லாமல், ஆடுவோர் ஒப்புக்கொண்ட விதியில் இருக்கிறது. இலங்கையில் கடதாசிக் கூட்டம் விளையாடுவோர் இதை நன்கறிவர். இங்கு பரவலாக ஆடப்படும் 304 என்ற ஆட்டத்தில் முப்பத்திரண்டு சீட்டுகளே பயன்படுகின்றன; ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என ஓர் இனத்துக்கு 76 புள்ளிகள் வர, நான்கு இனங்களும் சேர்ந்து 304 ஆகின்றன. ராஜாவும் ராணியும் ஒன்பதுக்குக் கீழே நிற்கும் இந்த ஒழுங்கு, கடையில் வாங்கிய அதே கட்டை முற்றிலும் வேறொரு ஆட்டமாக்கிவிடுகிறது. கருவி பழையதாக இருக்க, விதி மட்டும் புதிதாகும் இந்த இயல்பை நிண்டெண்டோவின் பிற்கால வரலாறு முழுவதிலும் காணலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெய்ஜி அரசு சீட்டு மீதான தடையைத் தளர்த்தியதை அடுத்தே யமவுச்சி தமது கூடத்தைத் திறந்தார். முசுக்கொட்டை இனத்து மரப்பட்டையிலிருந்து செய்த தாளைப் பல அடுக்குகளாக ஒட்டி, தடிப்பும் எடையும் வரச்செய்து, அதன்மேல் வண்ணமிடும் வேலை நுட்பமானது. ஒரு சீட்டின் முதுகு மற்றொன்றினின்று சிறிதும் வேறுபடக் கூடாது என்பதால் பிழைக்கு அங்கே இடமில்லை. தொழில்முறைச் சூதாடிகள் ஆட்டந்தோறும் புதுக் கட்டைப் பிரித்தமையால் விற்பனை பெருகியது எனக் கூறப்படுகிறது. நெப்போலியனின் உருவம் பொறித்த உறையில் வந்த ‘டைட்டோர்யோ’ என்ற வகை அந்நிறுவனத்தின் உயர்தரச் சீட்டாக அறியப்பட்டு, இன்றும் விற்பனையில் உள்ளது. 1902இல் அரசு சீட்டுக் கட்டுகள்மீது வரி விதித்தபோது சிறு உற்பத்தியாளர் பலர் தொழிலை விட்டகன்றனர். புகையிலைக் கடைகள் வழியே நாடு முழுவதும் தன் சீட்டுகளைக் கொண்டுசெல்லும் வாய்ப்பைப் பெற்றிருந்த நிண்டெண்டோ தாக்குப்பிடித்தது. மேலைநாட்டு வகைச் சீட்டுகளையும் அது இக்காலத்தில் செய்யத் தொடங்கியது.

ஆண் வாரிசு இல்லாத வணிகக் குடும்பம், மருமகனையே மகனாகச் சுவீகரித்துக் குடும்பப் பெயரையும் தொழிலையும் அவருக்கு அளிப்பது ஜப்பானிய வழக்கம். அவ்வாறே செகிர்யோ கனெடா என்பவர் யமவுச்சி ஆகி 1929இல் பொறுப்பேற்றார். அவரது நோயின் காரணமாக 1949இல் பேரன் ஹிரோஷி யமவுச்சி, வசேடா பல்கலைக்கழகப் படிப்பை இடையில் நிறுத்தித் தலைமைக்கு வந்தபோது வயது இருபத்தொன்று. அவர் 2002 வரை, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அப்பதவியில் இருந்தார். கடுமையான முதலாளி என்றே பெயரெடுத்தார். 1953இல் பிளாஸ்டிக் சீட்டுகளை ஜப்பானில் முதன்முதலாகப் பெருமளவில் உற்பத்தி செய்ததும், 1959இல் டிஸ்னி பாத்திரங்களைச் சீட்டில் அச்சிடும் உரிமை பெற்று, சூதாடிகளின் கையிலிருந்த பொருளைக் குடும்பங்களின் கைக்கு மாற்றியதும் அவரது சாதனைகள். இவ்விரண்டுக்கும் இடையே, 1956இல் அமெரிக்கா சென்று உலகின் மிகப்பெரிய சீட்டு நிறுவனத்தைக் கண்ட அவர், அதன் அலுவலகமே அவ்வளவு சிறிதாக இருப்பதைப் பார்த்துத் தம் தொழிலின் எல்லையை உணர்ந்தார்.

1963இல் நிறுவனத்தின் பெயரிலிருந்து சீட்டு நீங்கியது. உடனடிச் சோறு, வாடகைக் கார் சேவை எனக் கைவைத்த துறைகள் பலவும் தோல்வியுற்றன. இவற்றை வேடிக்கைச் செய்திகளாகச் சொல்லிக் கடந்துவிடுவது சரியன்று. பங்குச் சந்தையில் திரட்டிய பொதுமக்களின் பணம் அதில் கரைந்தது. தன்னிடம் உண்மையில் இருந்த செல்வம், விளையாட்டுப் பொருள்களை விற்கும் கடைகளோடு நெடுங்காலம் கட்டிவந்த உறவே என்பதை நிறுவனம் அந்த இழப்பின் பின்னரே கண்டுகொண்டது.

அந்த உறவுக்கு ஏற்ற பொருளைத் தந்தவர் குன்பெய் யொகோய். கியோட்டோவின் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் பயின்று, 1965இல் சீட்டுத் தயாரிக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பணிக்குச் சேர்ந்த அவர், ஓய்வு நேரத்தில் குறுக்குச் சட்டங்களை இணைத்து நீண்டு மடங்கும் செயற்கைக் கை ஒன்றைச் செய்துவைத்திருந்தார். அதைக் கண்ட யமவுச்சி விற்பனைப் பொருளாக்குமாறு பணித்தார். ‘அல்ட்ரா ஹாண்ட்’ என்ற பெயரில் 1966இல் வந்த அது பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. 1969இல் கியோட்டோவுக்குத் தெற்கே உள்ள உஜியில் நிண்டெண்டோ புதிய தொழிற்சாலையை நிறுவி, சீட்டு உற்பத்தியை அங்கு கொண்டுசென்றது. உஜி ஜப்பானின் தலைசிறந்த பச்சைத் தேயிலை விளையும் ஊர். கொழுந்து பறிப்பதற்கு முன் செடிகளை நிழல்மறைப்பால் மூடி வளர்க்கும் முறைக்கு அது பெயர்பெற்றது. மலையக வாசகர் இதை மனத்தில் கொள்வர். அத்தொழிற்சாலைக் கட்டடமே 2024 ஒக்டோபரில் நிண்டெண்டோ அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

எழுபதுகளில் நிறுவனம் மீண்டும் சரிவைச் சந்தித்தது. பந்துருட்டு மோகம் தணிந்து வெறுமையான மண்டபங்களில், ஒளியைச் சுட்டு விளையாடும் ‘லேசர் கிளே’ அமைப்பை 1973இல் நிறுவத் தொடங்கிய சில மாதங்களிலேயே எண்ணெய் நெருக்கடி ஏற்பட, குவிந்திருந்த கட்டளைகள் இரத்தாகிப் பெருங்கடன் மிஞ்சியது. 1977இல் மிட்சுபிஷி நிறுவனத்துடன் சேர்ந்து தொலைக்காட்சியோடு இணைக்கும் விளையாட்டுப் பெட்டிகளைச் செய்ததே அதற்குக் கிடைத்த மறுவாழ்வு. டொங்கி கொங், மாரியோ ஆகிய விளையாட்டுகளைப் பின்னர் படைத்த ஷிகெரு மியமோட்டோ பணிக்குச் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான்.

யொகோயின் சிந்தனை முழுமையாக வெளிப்பட்டது 1980இல். அதிவேகப் புகையிரதத்தில் பயணி ஒருவர் பொழுதுபோகாமல் கணிப்பானின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருப்பதை அவர் கண்டிருந்தார். அக்காலத்தில் கணிப்பான் உற்பத்தியாளரிடையே மூண்ட விலைப்போரால், எண்களைக் காட்டும் திரவப் படிகத் திரைகளின் விலை பெரிதும் வீழ்ந்திருந்தது. உட்புறம் ஊட்டப்படும் மின்னழுத்தத்துக்கேற்ப ஒளியை மறைத்தும் விட்டும் உருவத்தைக் காட்டும் மெல்லிய கண்ணாடித் தகடே இத்திரை. தானாக ஒளிவிடாததால் மிகச் சிறிதளவு மின்சாரமே அதற்குப் போதும். விலை மலிந்து, இயல்பு முற்றாக அறியப்பட்டு, பிறரால் பழையது என ஒதுக்கப்பட்ட பாகத்தை எடுத்து, அதை உருவாக்கியோர் நினைத்திராத பயனுக்குத் திருப்புவதே யொகோயின் கொள்கை. ஷார்ப் நிறுவனத்தின் திரைகளைக் கொண்டு அவர் அமைத்த ‘கேம் அண்ட் வாட்ச்’ என்ற சட்டைப்பைக் கருவிகள், மொத்தம் 4 கோடியே 34 இலட்சம் விற்றன. விரலால் நான்கு திசையும் அழுத்தக்கூடிய சிலுவை வடிவப் பொத்தான், 1982இல் அவ்வரிசையில் வந்த டொங்கி கொங் கருவியில் முதன்முதலில் அமைந்து, பின்னர் உலகெங்கும் விளையாட்டுக் கருவிகளின் பொது உறுப்பாயிற்று.

1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் வெளிவந்த ‘ஃபாமிகொம்’, வீட்டுத் தொலைக்காட்சியை விளையாட்டுத் திரையாக்கிய பெட்டி. அதற்கு முந்தைய ஆண்டில்தான், ஜப்பானிய அரசின் உதவியோடு ரூபவாஹினி தொலைக்காட்சிச் சேவை இலங்கையில் தொடங்கியிருந்தது. அதன் ஒளிபரப்புக் கோபுரம் நானுஓயாவுக்கு அருகே, பீதுருதாலகால மலையுச்சியில் நின்றது. எனினும் கோபுரத்தின் அடிவாரத்தில் உள்ள தோட்டங்களின் லயன் அறைகளில் அக்காலத்தில் மின்சாரமே அரிது. தொலைக்காட்சி, மின் இணைப்பு, விலையுயர்ந்த பெட்டி ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டிய விளையாட்டு, உலகின் பெரும்பகுதி மக்களுக்கு அவ்வாறே எட்டாத ஒன்றாக இருந்தது என்பதை, நிறுவனத்தின் வெற்றியை மட்டும் அளக்கும் நூல்கள் பேசுவதில்லை.

அந்த வேலியைத் தாண்டும் வழி, நிறுவனத்தின் நூறாவது ஆண்டில், 1989 ஏப்ரல் 21 அன்று வந்த ‘கேம் பாய்’ கருவியில் இருந்தது. வண்ணத் திரை அக்காலத்தில் சாத்தியமே. போட்டி நிறுவனங்களான அட்டாரியும் சேகாவும் வண்ணக் கருவிகளையே சந்தைக்குக் கொண்டுவந்தன. யொகோய் வேண்டுமென்றே நான்கு சாயல்கள் மட்டும் கொண்ட, பின்னொளியற்ற திரையைத் தேர்ந்தார். நான்கு பென் டோர்ச் பற்றரிகளில் அது பத்து மணிநேரத்தைத் தாண்டி இயங்க, சேகாவின் வண்ணக் கருவி ஆறு பற்றரிகளைச் சில மணிநேரத்தில் தீர்த்துவிட்டது. சிறுவரின் கையில் பணம் குறைவு, பற்றரி விலை அதிகம் என்ற எளிய உண்மையைப் பொறியியலின் முதல் நிபந்தனையாக வைத்த முடிவு இது. இந்த நூறாண்டு வரலாற்றில் இதைவிடத் துணிவான முடிவு வேறில்லை எனலாம். பின்னர் வந்த வண்ண வகையும் சேர்ந்து, கேம் பாய் 11 கோடியே 86 இலட்சம் விற்றது. தொண்ணூறுகளில் தெற்காசியக் கடைகளில் மலிவாகக் கிடைத்த ‘பிரிக் கேம்’ கருவிகள் நிண்டெண்டோவின் தயாரிப்புகள் அல்ல. ஆயினும் மங்கலான திரையும் சிறிய பற்றரியும் போதும் என்ற அதே வழியில் நடந்து, மின்னணு விளையாட்டை எளியோர் கைக்குக் கொண்டுவந்தவை அவையே.

அந்த மலிவுக் கருவிகளில் ஓடிய ஆட்டமும், கேம் பாய்க்கு அமெரிக்காவில் பெருஞ்சந்தை தேடித்தந்த ஆட்டமும் ஒன்றே: மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னொவ் உருவாக்கிய டெட்ரிஸ். கேம் பாயில் மற்றுமோர் ஏற்பாடு இருந்தது. இரு கருவிகளை ஒரு கம்பியால் இணைத்து, இருவர் ஒருவரையொருவர் எதிர்த்து ஆட முடிந்தது. தொடக்கத்தில் சில ஆட்டங்களே பயன்படுத்திய இக்கம்பியினூடே பூச்சிகள் ஊர்ந்து செல்வதாகக் கற்பனை செய்தவர், சிறுவயதில் பூச்சி சேகரிப்பதில் ஈடுபாடு கொண்டிருந்த சடோஷி டஜிரி. அக்கற்பனையிலிருந்து 1996இல் வெளிவந்த ‘பொக்கெமொன்’ விளையாட்டின் வரலாறும், ஃபாமிகொமுக்கு விளையாட்டு எழுதிய பிற நிறுவனங்களை யமவுச்சி கட்டிப்போட்ட ஒப்பந்தங்களின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், அவை அடுத்த பகுதியில் சேர்த்தே ஆராயப்படும்.

(தொடரும்)