வாய் ஈஸ்ட் இனங்காணல்

வாயில் பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியிலோ கொப்பளித்த நீரிலோ உள்ள ஈஸ்ட் எந்த இனம் என்று ஆய்வகத்தில் கண்டறிதல். பெரும்பாலும் அது கேண்டிடா வகையாக இருக்கும். நலமுள்ள பலரின் வாயிலும் இது தொல்லையின்றிக் குடியிருப்பதால், வளர்ந்துவிட்டதாலேயே நோய் என்று முடிவுகட்டக் கூடாது.

கைக்குழந்தையின் நாக்கில் படியும் வெள்ளைக்குப் பெரிதும் காரணம் கேண்டிடா அல்பிகன்ஸ். பல்செட் அணிவோர், சர்க்கரை நோயாளிகள், கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றோர் ஆகியோரிடம் அதனுடன் கிளாப்ராட்டா, டிராபிகாலிஸ் போன்றவையும் கலந்து வரும். எச்.ஐ.வி. தொற்றை இந்தியாவில் முதன்முதலாக 1986இல் சென்னையில் சுனிதி சாலமன் குழு கண்டறிந்தது. அத்தொற்று உள்ள பலரிடம் எதிர்ப்பாற்றல் சரிவதை வாயின் வெண்படலமே முன்னறிவித்தது. அல்பிகன்ஸைப் போலவே தோன்றும் டப்ளினியென்சிஸ், 1995இல் எச்.ஐ.வி. நோயாளிகளிடமிருந்தே தனி இனமாகப் பிரித்தறியப்பட்டது.

மலிவான சோதனை முளைக்குழாய்ச் சோதனை: சீரத்தில் 37 டிகிரியில் இரண்டு, மூன்று மணி நேரம் வைத்தால் அல்பிகன்ஸ் குழாய் நீட்டும். டப்ளினியென்சிஸும் நீட்டும் என்பதே இதன் குறை. 45 டிகிரியில் அல்பிகன்ஸ் வளரும், மற்றது பொதுவாக வளராது. நிறமூட்டும் வளர்தளத்தில் அல்பிகன்ஸ் பச்சை, டிராபிகாலிஸ் நீலம், க்ருசெய் இளஞ்சிவப்பு.

புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் கொம்யூனிலுள்ள மடுகரை போன்ற ஊர்களில் வெண்படலத்தைப் பார்த்தே மருந்து தருவது பெரும்பாலும் போதும். மருந்துக்கு மசியாதபோதும், படலம் திரும்பத் திரும்ப வரும்போதும் மாதிரி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போவது நல்லது. ஏனெனில் க்ருசெய் இனத்துக்கு ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து இயல்பாகவே பலிப்பதில்லை.