மூணு ஜோடி, ஆறு ஜன்னல்

பாட்டி இறந்து ஒன்பது வருடம் கழித்து அவருடைய பிஸ்கட் டின்னை அம்மா என்னிடம் கொடுத்தார். "அக்காவுக்குப் புள்ள பொறக்கப்போகுது. இத முடிக்க முடியுமான்னு பாரு" என்றார். உள்ளே, வெளிறிய மஞ்சள் உல்லன் நூலில் பாதியில் நின்றுபோன குழந்தைச் சால்வை. ஊசி ஒன்று இன்னும் கண்ணிகளுக்குள்ளேயே இருந்தது. அதன் துரு நூலில் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பத்து வயதில் தஞ்சோங் மாலிம் வீட்டு வாசலில் உட்கார்ந்து பாட்டியிடம் நானும் பின்னக் கற்றவன்தான். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும், பையன்கள் சிரிப்பார்களே என்று விட்டுவிட்டேன். இப்போது இருபத்தெட்டு. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, கார் உதிரிபாகம் செய்யும் இடத்தில் வேலை. இரண்டு இரவில் நிட், பர்ல் இரண்டும் கைக்கு வந்துவிட்டன. ஆனால் அந்தச் சால்வையின் பின்னல் என்னவென்று மட்டும் பிடிபடவில்லை. ஓரம் சிப்பி மாதிரி வளைந்து வளைந்து, நடுவே ஓட்டைகள் விசிறியாக விரிந்திருந்தன.

வரைபடம் இல்லாத உதிரிபாகம் ஒன்று மேசைக்கு வந்தால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். எண்ணினேன். அகலத்தில் 18 கண்ணிக்கு ஒருமுறை, உயரத்தில் நான்கு வரிசைக்கு ஒருமுறை அதே உருவம் திரும்பியது. நான்கில் மூன்று வரிசை சாதாரணம். ஒரே ஒரு வரிசையில்தான் வேலை முழுவதும். அங்கே இரண்டிரண்டு கண்ணியாக ஆறு முறை சேர்த்திருந்தார். பிறகு நூலைச் சுற்றி ஆறு புதிய ஓட்டை. போனது ஆறு, வந்தது ஆறு. கணக்கு நேராகத்தான் இருந்தது.

அப்படியே பின்னிப் பார்த்தேன். துணி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. மூன்று முறை பிரித்தேன்.

பாட்டி பின்னும்போது முணுமுணுப்பது எனக்கு நினைவில் இருந்தது: "மூணு ஜோடி, ஆறு ஜன்னல், மூணு ஜோடி." துணியில் ஆறு ஜோடி பளிச்சென்று தெரியும்போது மூணு எங்கே வந்தது? பத்து வயதில் நான் தப்பாகக் கேட்டிருப்பேன் என்றே நினைத்தேன். ஒருநாள் வேலைக்கு நடுவே சட்டென்று புரிந்தது. ஒரு தொகுதி முடியும் மூன்று ஜோடியும் அடுத்தது தொடங்கும் மூன்று ஜோடியும் பக்கத்தில் பக்கத்தில் விழுகின்றன. பார்க்கிற கண்ணுக்கு அது ஆறு, பின்னுகிற கைக்கு மூணும் மூணும். தொகுதி எங்கே தொடங்குகிறது என்பதைத் துணி காட்டவில்லை, பாட்டியின் முணுமுணுப்பு காட்டியது. மூன்றில் தொடங்கிப் பின்னினேன். ஓரம் நேரானது.

கணக்கு கிடைத்ததும் பெயரும் கிடைத்தது. இது 'ஓல்ட் ஷேல்'. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளின் பின்னல். 'ஷெல்', அதாவது சிப்பி என்பதை அந்த ஊர்க்காரர்கள் உச்சரிக்கும் விதம்தான் 'ஷேல்' ஆனது என்பார்கள். பல புத்தகங்களில் இதையே 'ஃபெதர் அண்ட் ஃபேன்' என்று போட்டிருக்கிறார்கள். அது இதற்குச் சொந்தக்காரப் பின்னல், ஆனால் வேறு. பெயர் குழம்பிக் கிடந்ததால்தான் எனக்கு இத்தனை நாள் பிடித்தது.

மீன்பிடித் தீவின் பின்னல் பேராக் ரப்பர் தோட்டத்து லயத்துக்கு எப்படி வந்தது?

ஒரு நூல் சுலபமாகக் கிடைத்தது. ஷெட்லாந்தில் பிறந்த ஆர்தர் ஆண்டர்சன் 1837இல் விக்டோரியா மகாராணிக்குத் தன் ஊர்க் காலுறைகளைக் கொடுத்துப் பின்னலுக்குப் பெயர் வாங்கித் தந்தவர். அவரே பி அண்ட் ஓ கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1914இல் அந்த நிறுவனத்தோடு இணைந்ததுதான் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. நம் ஆட்கள் மறக்காத ரஜூலா கப்பல் அவர்களுடையது. பாட்டியின் அப்பா அதில்தான் வந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ரஜூலாவின் அடித்தட்டில் யாரும் சால்வை பின்னக் கற்றுக்கொடுக்கவில்லை.

அடுத்து 1952க்குப் போனேன். தஞ்சோங் மாலிம்காரன் எங்கே சுற்றினாலும் அந்த வருடத்தில்தான் வந்து நிற்பான். மார்ச் 25, உடைக்கப்பட்ட தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யப் போனவர்கள்மேல் கம்யூனிஸ்டுகள் பதுங்கித் தாக்கினார்கள். பன்னிரண்டு பேர் செத்தார்கள். ஜெர்மன் சிறை முகாமிலிருந்து மரக்குதிரைக்குக் கீழே சுரங்கம் தோண்டித் தப்பிய மைக்கேல் காட்னர் அவர்களில் ஒருவர். பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவரும் இறந்தார். (குழாய் ரிப்பேருக்குப் போய்ச் சாவது எங்கள் தொழிலில் புதிதல்ல.) ஜெனரல் டெம்ப்ளர் வந்தார், ஊரையே திட்டினார், நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டார், அரிசிப் பங்கைக் குறைத்தார். ஏறக்குறைய இரண்டு வாரம் அப்படி நடந்தது. அதே வருடம் அவருடைய மனைவி மலாயாவில் மாதர் சங்கங்களைத் தொடங்கிவைத்தார். பெண்களுக்குச் சமையல், தையல், பின்னல் எல்லாம் அங்கே. கணவர் அரிசியைக் குறைக்கிறார், மனைவி ஊசியைக் கொடுக்கிறார். கட்டுரைக்கு இதைவிட என்ன வேண்டும்? பாட்டிக்கு அப்போது வயது பதினாலு. பாதிக் கட்டுரையை அந்தக் கோணத்திலேயே எழுதியும்விட்டேன்.

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "லேடியும் இல்ல கீடியும் இல்ல. சிலோன்கார மிஸ்ஸிதான் சொல்லிக்குடுத்தாங்க. கர்பியூக்கு முன்னாடியே. கர்பியூ நேரத்துல பாட்டி பின்னிக்கிட்டு இருந்துச்சாம். டவுனுக்குப் போக முடியல, நூல் தீந்துபோச்சு, பிரிச்சுப் பிரிச்சுத் திரும்பவும் பின்னுச்சாம்" என்றார்.

மிஸ்ஸி என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரி நர்ஸ். அந்தக் காலத்தில் மலாயாவின் அலுவலகம், ரயில்வே, ஆஸ்பத்திரி எங்கே பார்த்தாலும் யாழ்ப்பாணத்தார். அவர்களுக்குப் பின்னால் மிஷன் பள்ளிகள் இருந்தன. உடுவில் பெண்கள் பாடசாலையை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹாரியட் வின்ஸ்லோ 1824இல் தொடங்கினார். அத்தகைய பள்ளிகளில் எழுத்தோடு ஊசி வேலையும் பாடம். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததும் ஏறக்குறைய அதே காலம். ஆக, வெள்ளைக்காரியிடமிருந்து நேராகப் பாட்டிக்கு வரவில்லை. நடுவே தமிழ்ப் பெண்களின் கை எத்தனையோ. என் முதல் கட்டுரையில் அவர்கள் ஒருவர்கூட இல்லை.

'ஜன்னல்' என்ற சொல் மிஸ்ஸியுடையதா பாட்டியுடையதா? பாட்டியுடையது என்றுதான் நினைக்கிறேன். ஆங்கிலக் குறிப்பு வாசிக்கத் தெரியாதவர், 18 கண்ணியையும் நான்கு சொல்லில் மடித்து வைத்துக்கொண்டார். விடியுமுன் பிரட்டுக்குப் போகும்போது பிள்ளையை இப்படிப்பட்ட சால்வையில் சுற்றித்தான் ஆயாக்கொட்டகையில் விடுவாராம். இத்தனை ஓட்டை உள்ள துணி பனிக்கு என்ன தாங்கும் என்று அம்மாவிடம் கேட்டேன். "அழகுக்குத்தான்டா. உள்ள துண்டு இருக்கும்" என்றார்.

துருப்பிடித்த வரிசையை மட்டும் பிரித்துவிட்டு அங்கிருந்து தொடர்ந்தேன். அதே மஞ்சள் ஈப்போவில்கூடக் கிடைக்கவில்லை, கொஞ்சம் பளிச்சென்ற மஞ்சள்தான் வாங்கினேன். போன வாரம் முடிந்தது. அம்மா மடியில் விரித்து, இரண்டு மஞ்சளும் சேரும் இடத்தை விரலால் தடவினார்.

"பாட்டி இறுக்கமா போடும். ஒன் ஜன்னல்லாம் பெருசா இருக்கு."

பிரிக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று மடித்து வைத்துக்கொண்டார்.