இணையத் துன்புறுத்தலும் எழுதுவோர் பாதுகாப்பும்

எழுதியதற்காக ஒருவரைக் குறிவைத்து வசை, கொலை மிரட்டல், வெட்டி ஒட்டிய ஆபாசப் படம், அவதூறு ஆகியவற்றை இணையத்தில் தொடர்ந்து ஏவுவதும், அவருடைய வீட்டு முகவரியையும் கைப்பேசி எண்ணையும் ஊரறியப் போட்டு உடைப்பதும் இணையத் துன்புறுத்தல் எனப்படும். எழுத்தின் மீதான கடுமையான விமர்சனம், கேலி, எதிர்ப்பு ஆகியவை இதில் சேரா. இதிலிருந்து எழுதுவோரைக் காப்பதற்கான ஏற்பாடுகள் பல நாடுகளில் உண்டு, பெரும்பாலானவை கைகொடுப்பதில்லை. சட்டம் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து இது குற்றமா என்று பார்க்கிறது. பாதிப்போ அவை மொத்தமாக வந்து விழுவதில் இருக்கிறது. இந்தப் பொருத்தமின்மையே தோல்விக்கு முதன்மைக் காரணம்.

பிலிப்பைன்ஸில் ராப்ளர் என்ற இணைய இதழைத் தொடங்கியவர்களுள் ஒருவரான மரியா ரெஸ்ஸா, சமூக ஊடகங்களில் இயங்கிய அரசு ஆதரவுப் பிரச்சார வலைப்பின்னல் பற்றி 2016இல் எழுதியபோது அவருக்கு ஒரு கட்டத்தில் மணிக்கு 90 வசைச் செய்திகள் வந்தன. பிற்பாடு ஆய்வாளர்கள் அவர்மீதான லட்சக்கணக்கான பதிவுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 60 விழுக்காடு அவருடைய தொழில் நம்பகத்தன்மையைக் குலைப்பதற்கானவை. மற்றவை உடலையும் பாலினத்தையும் தோலையும் பற்றிய இழிமொழிகள். ‘பொய்ச் செய்திக்காரி’ என்ற ஒற்றை வசைக்காக யாரையும் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. அதுவே பல்லாயிரம் முறை வந்தால் வாசகர் மனத்தில் அவருடைய பெயரே சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது. அவர் 2021இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது இதை நிறுத்திவிடவில்லை. யுனெஸ்கோ அதே ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பதிலளித்த பெண் பத்திரிகையாளர்களில் 73 விழுக்காட்டினர் இணைய வன்முறையைச் சந்தித்திருந்தனர். அதோடு தொடர்புடைய தாக்குதலோ வசையோ நேரிலும் வந்ததாகச் சொன்னவர்கள் 20 விழுக்காடு. திரையோடு முடிந்துபோகும் விஷயம் என்ற எண்ணத்தை இந்த இரண்டாவது எண் மறுக்கிறது.

பொதுவெளிக்கு வந்தால் தோல் தடித்திருக்க வேண்டும், பிளாக் செய்துவிட்டு வேலையைப் பார்க்கலாமே என்பது வழக்கமான மறுப்பு. அந்த யுனெஸ்கோ ஆய்வில், நிறுவனத்திடம் முறையிட்ட சிலருக்கும் கிடைத்த அறிவுரை இதுதான். செய்தி சேகரிப்பவருக்குக் கைப்பேசியும் சமூக ஊடகமும் வேலைக் கருவிகள். அவற்றை அணைத்து வைப்பது என்றால் தொழிலை விட்டு விலகுவதுதான். அதைவிட, அடங்கிப்போகும் கடமையை அடிபட்டவர் தலையிலேயே இந்த அறிவுரை கட்டுகிறது. நம் அதிகாரிகளுக்கு இது புதிதல்ல. ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிராகத் திருச்செங்கோட்டில் கிளர்ச்சி நடந்தபோது, 2015 ஜனவரியில் நாமக்கல்லில் கூட்டப்பட்ட அமைதிப் பேச்சுவார்த்தை, அதை எழுதிய பெருமாள்முருகனின் நிபந்தனையற்ற வருத்தத்தைக் கையெழுத்தாக வாங்கிக்கொண்டு முடிந்தது. மிரட்டியவர்களுக்கு அங்கே எந்த நிபந்தனையும் இல்லை. எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவர் ஃபேஸ்புக்கில் அறிவித்தார். அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2016 ஜூலை வரை ஆயிற்று.

வழக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2018 ஏப்ரலில், செய்தியாளர் சந்திப்பில் அன்றைய ஆளுநர் ஒரு பெண் பத்திரிகையாளரின் கன்னத்தைத் தட்டியது சர்ச்சையானது. அதையொட்டிப் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை நடிகர் எஸ்.வி. சேகர் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். படிக்காமல் ஃபார்வர்டு செய்துவிட்டேன் என்பது அவர் தரப்பு. அப்போது கண்ணுக்கு மருந்து போட்டிருந்தார் என்றுகூட உச்ச நீதிமன்றத்தில் வாதாடப்பட்டது. பகிர்ந்தவரும் பொறுப்பு என்று நீதிமன்றங்கள் உறுதியாக நின்றன. சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது 2024 பிப்ரவரியில். ஏறக்குறைய ஆறு ஆண்டுகள், ஒரே ஒரு பதிவு, முகம் தெரிந்த ஒரே ஒருவர். முகமில்லாத கணக்குகளிலிருந்து ஒரே இரவில் ஆயிரம் பதிவுகள் வந்தால் இந்த வழி எதற்கு உதவும்? ஸ்கிரீன்ஷாட்டை நீதிமன்றம் ஏற்க வேண்டுமானால் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். ஆக, தன்னைப் பற்றிய ஆபாசத்தைத் தேதி வாரியாக அடுக்கிக் கோப்பாக்கும் வேலையும் பாதிக்கப்பட்டவருக்கே வந்து சேர்கிறது.

அப்படியானால் கடுமையான புதிய சட்டம் கொண்டுவரலாம் என்று தோன்றும். அது முதலில் பாய்வது பத்திரிகையாளர்மீதே என்பது மறுப்புகளில் வலுவானது. நம் அனுபவமும் அதையே சொல்கிறது. 2012 அக்டோபரில் பாடகி சின்மயி, ட்விட்டரில் தன்னைத் துன்புறுத்தியதாகப் புகார் கொடுக்க, சிலர் கைதானார்கள். அதே மாதம், ஓர் அரசியல் பிரமுகரின் மகனுடைய சொத்து பற்றி ட்வீட் போட்ட புதுச்சேரிக்காரர் ஒருவரும் கைதானார். இரண்டுக்கும் பயன்பட்டது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. எரிச்சலூட்டுவதைக்கூடக் குற்றமாக்கிய அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது சரியே. மிரட்டலும் ஆபாசப் படமும் ஏற்கெனவே குற்றங்கள்தாம். இருக்கும் சட்டத்தின் ஓட்டை வேறிடத்தில். ஒருவன் ஒரு பெண்ணை இணையத்தில் நூறு முறை தொடர்ந்தால் அது பின்தொடர்தல் குற்றம். நூறு பேர் ஆளுக்கு ஒருமுறை வந்தால் கூட்டுச் சதியை நிரூபிக்க வேண்டும். காவல் நிலைய அளவில் அது நடக்கிற காரியமல்ல.

எனவே கும்பலைக் கும்பலாகவே பார்க்கக்கூடிய இடத்தில்தான் கடமையைச் சுமத்த வேண்டும். ஒரே வாசகம் ஒரே மணி நேரத்தில் எத்தனை புதுக் கணக்குகளிலிருந்து புறப்பட்டது என்பது சமூக ஊடகத் தள நிறுவனங்களுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், மிகப் பெரிய தளங்கள் தங்கள் அமைப்பால் விளையும் ஆபத்துகளைத் தாங்களே மதிப்பிட்டுக் குறைக்க வேண்டும் என்கிறது. மீறினால் உலகளாவிய வருவாயில் 6 விழுக்காடு வரை அபராதம். தனிப் பதிவைத் தண்டிப்பதைவிட இது கருத்துரிமைக்குப் பாதுகாப்பானது. அடுத்த பொறுப்பு செய்தி நிறுவனத்துடையது. தாக்கப்பட்டவருடைய கணக்குகளைச் சக ஊழியர் ஒருவர் சில நாள் வாங்கிப் பார்ப்பது, மிரட்டல்களை மட்டும் பிரித்துச் சேமிப்பது, புகாரை நிறுவனத்தின் பெயரில் கொடுப்பது என எல்லாமே செலவு குறைந்த வேலைகள். நெதர்லாந்தில் பத்திரிகையாளர் சங்கம், இதழாசிரியர்கள், காவல்துறை, அரசு வழக்கறிஞர் துறை ஆகிய நான்கு தரப்பும் பத்திரிகையாளர் பாதுகாப்புக்காக 2019இல் பெர்ஸ்வைலிக் என்ற கூட்டு ஏற்பாட்டுக்கு வந்தன. ஆனால் இந்தியாவில் முன்னோடியான மகாராஷ்டிரத்தின் 2017ஆம் ஆண்டுப் பத்திரிகையாளர் பாதுகாப்புச் சட்டம் உடல் தாக்குதலையும் சொத்துச் சேதத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஊடக நிறுவனத்தில் நிரந்தரமாகவோ ஒப்பந்தத்திலோ வேலை பார்ப்பவரே அதன் வரையறைக்குள் வருவார். நாவலாசிரியரும் சிறுபத்திரிகைக் கட்டுரையாளரும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு நிறுவனம் என்று சொல்லிக்கொள்ள இருப்பது பதிப்பாளர் மட்டுமே.