தவறு பிறக்கும் இடம்

காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரம் இன்று ஆலைகள் சூழ்ந்த ஊர். மில்லிமீட்டரின் சிறு பின்னம் பிசகினாலும் அங்கே செய்த உறுப்பு பொருந்தாது. அத்தகைய பின்னக் கணக்கைத் தமிழகம் பண்டே பயின்றது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நான்கு முந்திரி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா என்று 320-இல் ஒரு பங்கு வரை ஒப்பித்தனர். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை பாடம் கேட்டான். மறந்த இடம் உடனே தெரிந்தது. பொருள் விளங்கிற்றா என்பது தெரியவில்லை.

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் எழுத்துத் தேர்வு ஓங்கியது. அது மதிப்பெண்ணைச் சொன்னதேயன்றிக் காரணத்தைச் சொல்லவில்லை.

அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என ஒரு மாணவன் எழுதுகிறான் என்க. மேலெண்களையும் கீழெண்களையும் தனித்தனியே கூட்டிவிட்டான். அரையோடு ஒன்றைக் கூட்டியும் விடை அரையினும் குறைந்ததே என்று அவன் எண்ணவில்லை. சுழி மதிப்பெண் இதனை ஆசிரியர்க்கு உரைக்குமா? உரைக்காது. கணினிவழிக் கண்டறி தேர்விலோ 'ஐந்தில் இரண்டு' என்பதும் ஒரு விடையாக வேண்டுமென்றே வைக்கப்படும். அதனைத் தேர்ந்த மாணவர் எத்தனை பேர் என்பது அன்றே ஆசிரியர்க்குத் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடக்க வகுப்பினரை அரும்பு, மொட்டு, மலர் எனப் படிநிலை கண்டு கற்பித்தது. 2025-இல் 'திறன்' திட்டம் 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளை நாடிற்று.

ஆலையில் பின்னம் பிசகினால் வீணாவது ஓர் இரும்புத் துண்டு. பள்ளியில் அது விளங்காமலே மேல்வகுப்பு ஏறும் பிள்ளைக்கோ மேற்கல்வியின் வாயிலே அடைபடும். நோயைக் காட்டுவது தேர்வு. மருந்து தருவது ஆசிரியர் கடமை.