பள்ளிக்குப் போன பிள்ளை பத்திரமாய் வீடு திரும்ப…
(ஒரு வரலாற்றுப் பார்வை)



"சார், நீங்க முப்பது வருஷத்துக்கு மேல பள்ளிக்கூடத்திலேயே இருந்தவர். மாணவர் சாதனைகள்னு ஒரு கட்டுரை கொடுங்க. நாலு பக்கத்துக்கு மேல போகாம பாத்துக்குங்க" என்று மலர்க்குழு நண்பர்கள் அன்புக் கட்டளை இட்டார்கள். சரி என்று ஒப்புக்கொண்டு, வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் பழைய மலர்களை எல்லாம் எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தேன். பள்ளி ஆண்டு மலர், பொன்விழா மலர், நூற்றாண்டு மலர் எனச் சுமார் இருபது தேறும். எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான செய்திகள்: மாவட்டத்தில் முதலிடம், கபடியில் கோப்பை, பேச்சுப் போட்டியில் பரிசு, சாரணர் முகாம். பெருமைக்குரியவைதாம். எந்தப் பள்ளிக்கும் அது சொத்து.

ஆனால் வரலாறு படித்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுதியிருப்பதைப் படித்து முடித்த பிறகு, எழுதாமல் விட்டது என்ன என்று தேடுவான். மழையில் எந்தச் சுவர் விழுந்தது, எந்தப் பிள்ளைக்கு அடிபட்டது, அதன் பிறகு என்ன மாற்றினார்கள் என்று இந்த இருபது மலர்களில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. சாதனையை ஊருக்குச் சொல்கிறோம். ஆபத்தை ஊருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம். நம் தமிழ்நாட்டில் மாணவர் பாதுகாப்புக்கென வந்த விதிகள் பலவும் பிள்ளைகளின் உயிரை விலையாகக் கொடுத்த பிறகு வந்தவை என்பதால், அந்த மறுபக்கத்தை இந்த மலரிலாவது எழுதி வைக்க விரும்புகிறேன்.

மதுரையும் 1965-ஆம் ஆண்டுச் சட்டமும்

1964 ஏப்ரலில் மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியின் கட்டடம் இடிந்து விழுந்து முப்பதுக்கும் மேற்பட்ட மாணவியர் உயிரிழந்தனர். மறு ஆண்டே, 1965-இல், பொதுக் கட்டடங்களுக்கான உரிமச் சட்டம் நம் மாநிலத்தில் வந்தது. பொதுமக்கள் கூடும் கட்டடம் எதுவானாலும் அது உறுதியானதுதான் என்று பொறியாளர் சான்று தர வேண்டும். அதைப் பார்த்துத் தாசில்தார் உரிமம் தர வேண்டும்.

நம்மில் தலைமையாசிரியர்களாக இருந்தவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகிய நான்கும் இருந்தால்தான் தனியார் பள்ளியின் அங்கீகாரம் புதுப்பிக்கப்படும். கோப்பைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கும் கல்வி அலுவலகத்துக்கும் நடையாய் நடந்த கதைகளைக் கேட்டால் விடிய விடியச் சொல்வார்கள். ஆனால் அந்த நாலு தாள் எதற்காக வந்தது என்று கேட்டுப் பாருங்கள், பலருக்கும் தெரியாது. ஏன் வந்தது என்பது மறந்துபோனால், விதி வெறும் தாளாகிவிடுகிறது.

கும்பகோணம், 2004

அது வெறும் தாளாகிப் போனதற்கு நாம் கொடுத்த விலை, 94 பிஞ்சு உயிர்கள். 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணத்தில் ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள் நடந்துவந்தன. கீழே சத்துணவு சமைக்கும் இடம். மேலே கீற்றுக் கூரை போட்ட வகுப்பறைகள். ஏறி இறங்கக் குறுகலான படிக்கட்டு. அடுப்பிலிருந்து கிளம்பிய தீ கீற்றைப் பற்றியதும், பிள்ளைகள் வெளியேற வழி இல்லாமல் போயிற்று.

சத்துணவின் மேல் இந்தப் பழியைப் போடுவது நியாயமாகாது. 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சியினர் தொடங்கியதும், 1956-இல் காமராசர் விரித்ததும், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக வளர்த்ததும் நம் பிள்ளைகளைப் பசியிலிருந்து காத்த திட்டம். சோறு போட்டதால் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். வந்த பிள்ளைகள் உட்காரத் தக்க அறை பல இடங்களில் இல்லை. கீற்றுக் கொட்டகைதான் இருந்தது. அந்தக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே அடுப்பும் எரிந்தது.

அன்று நான் பணியாற்றிய பள்ளியிலும் இரண்டு கீற்றுக் கொட்டகைகள் இருந்தன. திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும், மேலிடத்து உத்தரவு வரட்டும் என்று காத்திருக்காமல், ஊர்க்காரர்களே வந்து கீற்றைப் பிரித்துப் போட்டார்கள். "பசங்க மரத்தடியில உக்காந்து படிக்கட்டும் சார், வெயிலு ஒண்ணும் பண்ணாது" என்றார் ஒரு பெரியவர். அடுத்து வந்த அரசு உத்தரவில் மாநிலம் முழுவதும் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் இறக்கப்பட்டன. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது.

நீதி மட்டும் மெதுவாக நடந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து, 11 பேரை விடுவித்தது. 2017-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் அந்தத் தண்டனைகளும் பெரிதும் குறைந்தன. பெற்றோர்கள் ஆண்டுதோறும் ஜூலை 16 அன்று பிள்ளைகளின் படங்களுக்கு முன் விளக்கேற்றி வருகிறார்கள்.

இந்தத் துயரத்தை ஒட்டித் தொடுக்கப்பட்ட வழக்கில்தான் 2009 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னது. கல்வி பெறும் உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமை என்றே பொருள் என்பது அதன் சாரம். எல்லாப் பள்ளிகளிலும் தீயணைப்புக் கருவி வைக்கவும், ஆசிரியர்களுக்கு அதை இயக்கப் பயிற்சி தரவும் ஆணை பிறந்தது. இன்று வகுப்பறை வாசலில் தொங்கும் அந்தச் சிவப்பு உருளையைப் பார்க்கும் தம்பி தங்கைகள், அதன் பின்னே 94 பெயர்கள் இருக்கின்றன என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

குட்டையும் பேருந்தும்

கட்டடத்தை ஒருவாறு சரிசெய்தோம்; வண்டியைக் கவனிக்கவில்லை. 2009 டிசம்பர் 3 அன்று வேதாரண்யம் பக்கத்தில் பள்ளி வேன் ஒன்று குட்டைக்குள் பாய்ந்தது. 9 குழந்தைகள் இறந்தார்கள். வேனில் உடன் வந்த 21 வயது ஆசிரியை, 11 குழந்தைகளைக் கரைசேர்த்துவிட்டுத் தாமும் தண்ணீரில் உயிர்விட்டார். சாதனை என்று நாம் எதை எதையோ எழுதுகிறோம். அந்தப் பெண் செய்ததைவிடப் பெரிய சாதனை எந்த மலரில் இருக்கிறது?

2012 ஜூலையில் சென்னையை அடுத்த தாம்பரம் பகுதியில், ஓடும் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்தாள். உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்தது. அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் வந்தன. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, உதவியாளர், அவசர வழி, முதலுதவிப் பெட்டி எல்லாம் கட்டாயமாயின. கோடை விடுமுறை முடியும் முன் ஏதாவது ஒரு மைதானத்தில் மஞ்சள் வண்டிகளை வரிசையாக நிறுத்தி ஆர்.டி.ஓ. ஏறி இறங்கிச் சோதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறோம். அதுவும் ஒரு குழந்தை விட்டுச்சென்ற ஏற்பாடுதான்.

நமக்கும் இதில் பங்கு உண்டு

"இதெல்லாம் பள்ளிக்கூடத்துச் சமாசாரம், கல்லூரி மலருக்கு எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். அவர் ஒரு துணைவேந்தரின் மகன். துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே இந்தக் கதி என்றால், கிராமத்திலிருந்து தகரப் பெட்டியோடு விடுதிக்கு வரும் பிள்ளையின் நிலை என்ன என்று நாடே பதறிற்று. 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், கல்லூரியை விட்டு நீக்கம். அந்தக் கொலை வழக்கோ உச்சநீதிமன்றம் வரை போய், 2011-இல்தான் ஆயுள் தண்டனை உறுதியானது.

இங்கே மூத்த நண்பர்களிடம் உரிமையோடு ஒன்று சொல்லுகிறேன். சந்திப்பு நாளில் சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில், "நம்ம காலத்துல ராகிங்னா அது ஜாலிடா மாப்ளே, அதுலதான் நாமெல்லாம் சிநேகிதம் ஆனோம்" என்று ஆரம்பிப்போம். சிரித்தவர்களுக்கு அது ஜாலி. பயந்து பாதியில் ஊர் திரும்பியவர்கள் இந்தச் சங்கத்தில் உறுப்பினராக இல்லை. அவர்கள் கதையைச் சொல்ல ஆள் இல்லை. பக்கத்தில் பந்தி பரிமாறும் முதலாண்டு மாணவர் நம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை மறக்க வேண்டாம்.

பெயர் கெடும் என்ற பயம்

பிள்ளையைச் சேர்க்கும்போதே "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்" என்று பெற்றோர் சொல்லிவிட்டுப் போன காலம் ஒன்று இருந்தது. அதைப் பெருமையாகச் சொல்லும் ஆசிரியர்களும் இருந்தார்கள். 2003-இல் நம் மாநிலக் கல்வி விதி திருத்தப்பட்டுப் பிரம்படி தடைசெய்யப்பட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடலை அடிப்பதோடு மனத்தை நோகடிப்பதையும் தடுத்தது. 2012-இல் வந்த போக்சோ சட்டம், பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் புகார் சொல்லாமல் மறைப்பதே குற்றம் என்றது.

இந்த மறைப்புதான் எல்லாவற்றுக்கும் வேர். "வெளிய தெரிஞ்சா ஸ்கூல் பேரு கெட்டுடும்" என்ற ஒரு வாக்கியம், இடியும் சுவரையும் ஓட்டை வண்டியையும் கெட்ட மனிதர்களையும் ஒருசேரக் காப்பாற்றி வந்திருக்கிறது. பெயர் முக்கியமா, பிள்ளை முக்கியமா என்று வந்தால் பிள்ளைதான் என்று சட்டம் சொல்லிவிட்டது. நம் மனமும் சொல்ல வேண்டும். தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டில் பள்ளிக்குப் போகும் சின்னப் பிள்ளைகள் இருந்தால் 1098 என்ற எண்ணையும், பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணையும் மனப்பாடம் செய்ய வையுங்கள்.

சாதனைச் செய்தியும்கூடச் சில வேளை பிள்ளையை வருத்தியது. பொதுத்தேர்வு முடிவு வந்தால் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று நாளிதழ்களில் படம் வரும். அதே நாளில், இன்னொரு பக்கத்தில், மதிப்பெண் குறைந்ததால் உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளையின் செய்தியும் வரும். 2017 மே மாதத்தில் தமிழக அரசு இந்த முதலிட அறிவிப்பையே நிறுத்தியது. அன்று பல தலைமையாசிரியர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். இன்று திரும்பிப் பார்த்தால், அது பள்ளிச் செய்தியிலேயே செய்யப்பட்ட ஒரு பாதுகாப்பு ஏற்பாடு என்று எனக்குப் படுகிறது.

இனி நாம் செய்யக் கூடியது

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தனர். அதன் பிறகே மாநிலமெங்கும் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். மதுரைக்குப் பின் 57 ஆண்டுகள் ஆகியும், முதலில் சாவு, பிறகு சோதனை என்ற வரிசை மாறவில்லை. அந்த வரிசையை மாற்றுவது அரசால் மட்டும் ஆகிற காரியம் அல்ல.

நம் சங்கத்தில் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். தீயணைப்புத் துறையில், மின்வாரியத்தில், போக்குவரத்துத் துறையில் பணியாற்றியவர்கள் இருக்கிறார்கள். மருத்துவம் பயின்ற பிள்ளைகளைப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன், ஆளுக்கொரு பள்ளியாக அவரவர் படித்த பள்ளிக்குப் போய் வரலாமே! படிக்கட்டு, மின்கம்பி, கழிவறைச் சுவர், கிணற்று மூடி, சமையல் கூடம் இவ்வளவையும் பார்க்க அரை நாள் போதும். 2022-இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல்' திட்டத்தில் முன்னாள் மாணவர்கள் பள்ளிக்கு உதவ வழி இருக்கிறது. 2024-இல் திருத்தி அமைத்த பள்ளி மேலாண்மைக் குழுக்களிலும் முன்னாள் மாணவர்களுக்கு இடம் தந்திருக்கிறார்கள். உள்ளே போகக் கதவு திறந்துதான் இருக்கிறது.

அடுத்த மலரில் சாதனைப் பக்கங்களுக்கு நடுவே ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்குமாறு மலர்க்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பள்ளியில் எதைப் பார்த்தோம், எதைச் சரிசெய்தோம், எது இன்னும் பாக்கி என்று ஒளிவு மறைவின்றி அச்சிடுவோம். அச்சுச் செலவை நான் ஏற்கிறேன். முதல் பள்ளியாக, நான் படித்த எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியை எழுதிக்கொள்ளுங்கள்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!

– முன்னாள் வரலாற்றுத் துறை மாணவர்,
தலைமையாசிரியர் (ஓய்வு)