பதக்கம் பெற்றான்; வாழ்வு பெற்றானா?

போர்வீரர்க்குப் புகழ்மாலை சூட்டுதல் எவர்க்கும் எளிது. போர்க்களத்தினின்றும் மீண்ட வீரர் பின்னர் எவ்வாறு வாழ்ந்தனர் என்று கேட்பாரோ அரியர். அக்கேள்வியையே ஜான் ஹானா என்னும் இளைஞனின் வரலாறு கொண்டு நாம் ஈண்டு எழுப்புகின்றோம்.

ஹானா 1921 ஆம் ஆண்டு நவம்பர் 27 ஆம் நாள் ஸ்காட்லாந்திலுள்ள பெய்ஸ்லி நகரிற் பிறந்தான். பாதரட்சை வாணிகத்தில் ஊழியம் செய்துவந்த அவன், 1939 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ஆகாயப் படையிற் சேர்ந்தான். கம்பியில்லாத் தந்தியும் இயந்திரத் துப்பாக்கியும் பயின்று, குண்டுவீச்சு விமானத்திற் பணியேற்றான்.

1940 செப்டம்பரில் பிரிட்டன்மீது படையெடுக்க ஜெர்மானியர் ஐரோப்பியத் துறைமுகங்களிற் படகுகளைத் திரட்டி வைத்திருந்தனர். செப்டம்பர் 15 ஆம் நாள் பகலில் லண்டன் வானில் நிகழ்ந்த போரை இன்றும் உலகம் நினைவு கூர்கின்றது. அன்றிரவு ஆண்ட்வெர்ப் துறைமுகத்துப் படகுகளைத் தாக்கச் சென்ற ஹாம்ப்டன் விமானமொன்றில் ஹானாவும் இருந்தான். நால்வர் செல்லும் அவ்வகை விமானத்தின் உடல் ஏறத்தாழ மூன்றடி அகலமே. வீரர்கள் அதனைப் ‘பறக்கும் கைப்பெட்டி’ என்பர்.

குண்டு வீசிய அவ்விமானத்தைத் தரையினின்று சுட்ட வெடியொன்று தாக்கிற்று. பெட்ரோல் தொட்டிகள் துளைபட்டன, தீ மூண்டது, தோட்டாக்கள் ஆயிரக்கணக்கில் நாற்புறமும் வெடித்தன, காலடியிலிருந்த அலுமினியத் தகடும் உருகியோடிற்று. பின்புறத் துப்பாக்கி வீரனும் வழிகாட்டுவோனும் பாராசூட்டின் துணையால் வெளியே குதித்தனர். அவரைக் குறைகூறல் அறமன்று. ஹானாவும் குதித்திருக்கலாம், குதித்திலன். தீயணைப்புக் கருவிகள் இரண்டும் தீர்ந்தபின் தன் குறிப்புப் புத்தகத்தாலேயே தீயை அடித்தான். மூச்சு முட்டியபோது பிராணவாயுக் குழாயைத் திறந்துகொண்டான். பத்து நிமிடம் போராடித் தீயை அணைத்தபின், முகமும் கண்ணும் வெந்த நிலையில் முன்னே தவழ்ந்து சென்று, வழிகாட்டுவோன் விட்டுச்சென்ற வரைபடங்களை விமானியிடம் கொடுத்தான். விமானம் இங்கிலாந்து மீண்டது.

அப்பொழுது அவனுக்கு வயது பதினெட்டு. அக்டோபர் 1 ஆம் நாளே விக்டோரியாக் கிராஸ் விருது அறிவிக்கப்பட்டது. வானப்போருக்காக அவ்விருது பெற்றோருள் மிக இளையவன் அவனே. அவ்விமானத்தைச் செலுத்திய கானர் என்னும் கனடியர் அவ்வாண்டு நவம்பரிலேயே வேறொரு பயணத்தில் உயிர்துறந்தார்.

தீயை வென்ற ஹானாவைக் காசநோய் வென்றது. 1942 டிசம்பரில் ஓய்வூதியத்துடன் படையினின்றும் விடுவிக்கப்பட்டான். வாடகைக் கார் ஓட்டிப் பார்த்தான்; உடல் இடங்கொடுக்கவில்லை. மனைவியையும் பெண்மக்கள் மூவரையும் காப்பாற்றுதல் நாளுக்கு நாள் அரிதாயிற்று. 1947 ஜூனில், இருபத்தைந்தாம் வயதில், காசநோய் மருத்துவ இல்லமொன்றில் உயிர் நீத்தான். நோயாளர்க்கும் கைம்பெண்டிர்க்கும் உதவும் பிரிட்டனின் தேசிய இன்ஷூரன்சுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது 1948 ஜூலையில்தான்.

பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் அப்போரில் மாண்ட வானவீரர் 55,000 பேருக்கும் மேலாவர். அக்கணக்கில் ஹானா சேரான். அவன் போர் முடிந்தபின் இறந்தவன். ஆயினும் அவனையும் போரே கொண்டது என்பது நம் துணிபு.

அவனுக்கு விருதளிக்கப் பிரிட்டன் எடுத்துக்கொண்டது பதினாறே நாள். வீரத்தை மெச்சுதற்குள்ள அவ்விரைவு, வீரனின் மனையில் அடுப்பெரிகின்றதா என்று பார்ப்பதிலும் இருத்தல் வேண்டும். கல்நட்டுப் போற்றுமுன் கைகொடுத்துக் காப்பதே நன்றியுடைய நாட்டின் கடமையாகும்.